டாங்கோ கூடத்தில் ஒரு நாற்காலிப் போராட்டம்

பிறர் ஆடுவதற்குப் பாட்டுப் போடுகிறவன் எப்போதும் கூட்டத்துக்கு எதிரில் இருப்பான், கூட்டத்தில் இருக்க மாட்டான். கல்யாண மண்டபத்தில் மைக் செட் வைப்பவர்கள், திருவிழாவில் குழாய் கட்டுபவர்கள், பிறந்தநாள் விருந்தில் மூலையில் ஒயர் சுற்றிக்கொண்டு நிற்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நம் பக்கம் யாராவது திரும்பிப் பார்த்தால் சத்தத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துவிட்டுச் சிரித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் நாற்பது ஆண்டுகள் வேலை செய்தேன். அவ்வளவு ஆண்டும் சங்கத்தில் இருந்தேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தேன், பிறகு நானே எழுதினேன். மூன்று தடவை இடைநீக்கம் செய்யப்பட்டேன். அதைப் பெருமையாகவே சொல்கிறேன். இப்போது சனிக்கிழமை மாலைகளில் கொண்டாப்பூரில் டாங்கோ ஆடுகிறவர்களுக்குப் பாட்டுப் போடுகிறேன். அங்கே நான் வைத்தது ஒரே ஒரு கோரிக்கை: தரை துடைக்கும் யாதம்மாவுக்கு உட்கார ஒரு நாற்காலி. அது என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாயிற்கூட்டத்துக் குழாய்

ஓய்வு பெற்ற அன்று சங்கத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். புது நிர்வாகிகளுக்கு வாயிற்கூட்டம் நடத்தும் வழக்கம் இல்லை, செல்போனில் செய்தி அனுப்பிவிடுகிறார்கள். அதனால் பழைய ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளையும் என்னையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். மல்காஜ்கிரி வீட்டில் கட்டிலுக்கு அடியில் அவை கிடந்தன. கட்டிலின் மேல் நான் கிடந்தேன்.

எதிர்வீட்டு ஸ்ரீகாந்த் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். பேசுவது நாலு மொழிக் கலவை. ஒரு சனிக்கிழமை ஓடி வந்தான். அவன் போகும் நடன வகுப்புக்குப் புதுக் கூடம் திறக்கிறார்கள், அங்கிருந்த ஸ்பீக்கர் புகைந்துவிட்டது, உங்கள் டப்பா வேலை செய்யுமா என்று கேட்டான். நடனம் என்றால் சலங்கை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். மூன்றாம் மாடியில் மரத் தரை, ஒரு பக்கம் கண்ணாடி, மற்ற மூன்று சுவர்களை ஒட்டி நாற்காலிகள். ஆணும் பெண்ணும் அணைத்தபடி, ஒரு வார்த்தை பேசாமல், எல்லோரும் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

பாட்டிலும் வார்த்தை இல்லை. பிடில், பியானோ, அப்புறம் ஆர்மோனியத்துக்குத் தூரத்து உறவு போல மடியில் வைத்து இழுத்துச் சுருக்கும் ஒரு பெட்டி. மேளம் கிடையாது. வார்த்தை இல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. இருந்தால் நான் மறுத்துப் பேசத் தொடங்கிவிடுவேன். ஆனால் என் குழாய்கள் ஆயுள் முழுக்கப் பொது மேலாளரின் பெயரை மட்டுமே உரக்கச் சொல்லிப் பழகியவை. அவற்றின் வழியாகப் பிடில் வந்தபோது ஆடிக்கொண்டிருந்தவர்கள் முதுகை நிமிர்த்தினார்கள். கூடத்தின் உரிமையாளரும் ஆசிரியையும் நிவேதிதா என்ற கோயம்புத்தூர்ப் பெண். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு அர்ஜென்டினா வரை போய் இதைக் கற்றுக்கொண்டு வந்தவள். விழா முடிந்ததும் என் மேசைக்கு வந்தாள். “அங்கிள், சத்தம் ரொம்ப நல்லாருக்குங்க. ஆனா யாரையோ கண்டிக்கிற மாதிரியே இருக்குதுங்க” என்றாள்.

கடைசித் தட்டு

அடுத்த வாரம் அவள் புது ஸ்பீக்கர்கள் வாங்கினாள். ஆம்ப்ளிஃபயரும் நானும் மட்டும் தங்கிவிட்டோம். மேசைக்கு அடியில் தரையில் அது, மேசைக்குப் பின்னால் நான்.

இந்த இசையை வாசித்தவர்கள் எல்லோரும் அழுமூஞ்சிகள் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. பாதிப் பேர் குறும்புக்காரர்கள். பிடில் உருகிக்கொண்டிருக்கும்போது நடுவில் பியானோக்காரன் யாரோ கதவைத் தட்டுவது போல இரண்டு தட்டு தட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல இருந்துவிடுவான். சில பாட்டில் எல்லோருமாகச் சட்டென்று நிறுத்துவார்கள். ஆடுகிறவர்கள் ஒற்றைக் காலில் தவிப்பார்கள். முடிக்கும்போது வழக்கமாக இரண்டு அடி இருக்கும், பலமாக. இரண்டாவது அடியில் ஜோடிகள் சிலை மாதிரி நிற்க வேண்டும்.

ஒரு பாட்டு இருந்தது. முதல் அடி விழுந்தது, அப்புறம் அமைதி. முடிந்தது என்று நான் அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டேன். மூன்று வாரம் அப்படியே செய்தேன். நான்காவது வாரம் கதவோரம் ஒரு சத்தம் கேட்டது. தரை துடைக்கும் யாதம்மா துடைப்பக் கட்டையால் சுவரில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். திரும்பப் போட்டுக் காத்திருந்து கேட்டேன். எல்லோரும் மூச்சுவிட்டுக் கையை எடுத்த பிறகு, பியானோவில் ஒரே ஒரு சின்ன ‘டிங்’. யாதம்மா சரியாக அங்கேதான் தட்டியிருக்கிறாள். பயிற்சி நாள்களில் தரை துடைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாடம். கூட்டம் நடத்தத் தெரிந்தவன் நான். கோஷத்தின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தி, பிந்திய பாதியை ஆயிரம் வாய்களுக்கு விட்டுக்கொடுத்தவன். அந்த நிறுத்தத்தை நானே அறுத்திருக்கிறேன். ஸ்ரீகாந்த் வந்து சொன்னான்: “அங்கிள், எங்க தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடி அவங்க போட்ட ஜோக். மூணு வாரமா நீங்க கட் பண்ணிக்கிட்டு இருக்கீங்க.”

யார் உட்காரலாம்

யாதம்மா ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆள். ஐம்பது தாண்டியவள். பேசுவது தெலுங்கு, அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். ஆட்டம் தொடங்குமுன் தரையைத் துடைத்துக் காய வைக்க வேண்டும். செருப்பு ஒட்டினால் பவுடர் தூவ வேண்டும். அப்புறம் நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை கதவோரம் நிற்க வேண்டும். யாராவது தண்ணீரைச் சிந்தினால் ஓடிப் போய்த் துடைக்க வேண்டும். கொண்டை ஊசி விழுந்தால் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழலும்போது யாராவது வழுக்கி விழுவார்கள். அவளுக்கு இடது முழங்கால் வீங்கியிருக்கும். ஏழு மணிக்கு மேல் ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றிக்கொண்டு கொக்கு மாதிரி நிற்பாள்.

இந்த ஆட்டத்தில் வாயால் யாரையும் அழைக்கக் கூடாது. சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆடத் தயார். அழைக்கிறவர் தூரத்திலிருந்து கண்ணைப் பார்த்துத் தலையசைப்பார். சம்மதம் என்றால் பதிலுக்கு அசைக்கலாம். இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அவமானம் யாருக்கும் தெரியாது. ஒரு கோடை நாளில் யாதம்மா தாங்காமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றுதான் சேர்ந்த சென்னைப் பையன் ஒருவன், பத்து நிமிஷம் முன் கற்ற பாடத்தை மறக்காமல், அவளைப் பார்த்துத் தலையசைத்தான். எங்கேயோ தண்ணீர் சிந்திவிட்டது என்று நினைத்து அவள் துடைப்பக் கட்டையோடு எழுந்து கூடத்தின் நடுவுக்கு வந்தாள். அவன் முறைப்படி இடது கையை நீட்டினான். அவள் அதில் துடைப்பக் கட்டையைக் கொடுத்தாள்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன். யாதம்மா திரும்பிப் போய்க் கதவோரம் நின்றாள். அதற்குப் பிறகு எந்த நாற்காலிப் பக்கமும் போகவில்லை. வகுப்பு முடிந்ததும் அவளுக்கென்று தனியாக ஒரு நாற்காலி போடும்படி நிவேதிதாவிடம் கேட்டேன். நிவேதிதா கெட்டவள் இல்லை. எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள்: “எங்க போட்டாலும் சுவரோரம்தானுங்களே அங்கிள். உட்கார்ந்தா ஆட வந்தவங்கன்னு அர்த்தம். அவங்க உட்கார்ந்தா எல்லாருக்கும் குழப்பமாயிருமுங்க.”

பவுடர் டப்பாவும் பல் மருத்துவரும்

ஒரு வாரம் மழை. தரை ஒட்டியது. யாதம்மா கதவோரத்திலிருந்து பவுடர் டப்பாவைத் தூக்கிக் காட்டினாள், போடட்டுமா என்று. போடு என்று நான் தலையை ஆட்டினேன். நேர்க்கோட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சுமதி என்ற பல் மருத்துவர் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. சேலத்துக்காரர், புதிதாக வந்தவர். இரண்டு வாரமாக அவரை யாரும் அழைக்கவில்லை. எழுந்தார், புடவையைச் சரிசெய்துகொண்டார், நேராக என் மேசைக்கு வந்து நின்றார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்த பிறகு பவுடர் டப்பாவைப் பற்றி எப்படிச் சொல்வது?

நான்கு பாட்டு ஒரு கட்டு. கட்டு முடிவதற்குள் விலகினால் கூட இருப்பவரை அவமதித்ததாக ஆகும். அதனால் நான்கும் ஆடினேன், அல்லது நடந்தேன். என் கால்களுக்குத் தெரிந்தது இடது, வலது, இடது, வலது மட்டுமே. அன்று பார்த்துக் குறும்புக்காரர்களின் கட்டு. பிடில் கம்பிகளை விரலால் சுண்டிப் பூனை நடப்பது போல வாசிப்பார்கள், திடீரென்று நிறுத்துவார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் எதிரே போலீஸ் தடுப்பு வந்ததுபோல் இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். மருத்துவர் என் மார்பில் மோதிக்கொண்டார். இரண்டாவது பாட்டில் யாதம்மாவின் நாற்காலியைப் பற்றி அவர் காதில் சொல்லத் தொடங்கினேன். ஆடும்போது பேசக் கூடாது என்றார். மூன்றாவது பாட்டிலும் சொன்னேன். நான்காவது முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “கூப்பிட்டதுக்கு ரொம்ப சந்தோஷம் சார். நாற்காலிக்கு நான் கையெழுத்துப் போடறேன். ஆனா இது டான்ஸ் இல்ல சார், ஊர்வலம்.”

கூட்டம் கலைந்தது

கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பழைய ரத்தம் ஓடியது. ஆனால் யாதம்மா ஒப்பவில்லை. அவளுக்காக நான் பேசப் போகிறேன் என்று தெரிந்ததும் மேசையருகே வந்தாள். மேசைக்கு அடியிலிருந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக் கீழே துடைத்தாள். வாரா வாரம் அப்படித் துடைப்பாள், டப்பாவை எங்கேயாவது மேலே வை அன்னா, ஒரு நாள் தண்ணீர் போய்விடும் என்று வாரா வாரம் சொல்வாள். அன்று அதைச் சொல்லவில்லை. “நா பேரு வத்து அன்னா” என்றாள். என் பெயர் வேண்டாம் என்று. அது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தனி ஆளின் பெயரைக் கோரிக்கையில் எழுதாதே என்பது எங்கள் சங்கத்தில் முதல் நாள் கற்றுக்கொடுத்த பாடம்.

பெயர் இல்லாமலே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டு தொடங்குமுன் அரை நிமிஷம் வேறு ஏதாவது இசை போடுவோம். அதற்குத் திரை என்று பெயர். திரை கேட்டவுடன் ஜோடிகள் பிரிந்து, தரையைக் காலி செய்து, நாற்காலிகளுக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு சனிக்கிழமை இசைக்குப் பதில் என் குரலைப் பதிவு செய்து போட்டேன். “நண்பர்களே, நீங்கள் ஆடும் நான்கு மணி நேரமும் ஒரு தொழிலாளி நின்றுகொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு நாற்காலி கேட்கிறோம்” என்று தொடங்கி, நிதானமாக, நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்திப் பேசியிருந்தேன். நல்ல பேச்சு. முதல் வார்த்தை விழுந்ததும் ஐம்பது பேரும் ஒருவரையொருவர் விட்டுவிட்டு, புன்னகையோடு, வரிசையாகக் கலைந்து போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். என் கூட்டங்களைக் கலைக்க அந்தக் காலத்தில் அரசாங்கம் வேன் வேனாக ஆள் அனுப்பும். ஸ்ரீகாந்த் கட்டை விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டே வந்தான். “அங்கிள், இதுவரைக்கும் நீங்க போட்ட திரையிலேயே இதுதான் பெஸ்ட். சட்டுனு தளம் காலி. இனிமே வேற நக்கோ, இதே போதும்.”

நல்ல வாக்கியம்

அன்றிரவு மனு எழுத உட்கார்ந்தேன். ‘ஒரு தொழிலாளி’ என்று எழுதினேன். வாக்கியம் படுத்துக்கொண்டது. ‘துப்புரவுப் பணியாளர்’ என்று எழுதினேன். அதுவும் படுத்துக்கொண்டது. கடைசியில் இப்படி வந்தது: “நம் கால்களுக்காகத் தரையைத் துடைக்கும் யாதம்மாவின் கால்களுக்கு ஒரு நாற்காலி.” படித்துப் பார்த்தேன். நாற்பது ஆண்டுகளில் நான் எழுதிய எந்தத் துண்டறிக்கையிலும் இவ்வளவு நல்ல வாக்கியம் இல்லை. பெயரை எடுத்துவிட்டால் அது செத்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. பெயரை எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. எடுக்கவில்லை. உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, யாதம்மாவின் முழங்காலைவிட அந்த வாக்கியம் எனக்கு அன்று முக்கியமாக இருந்தது.

மனு பறந்தது. தமிழ் தெரியாதவர்களுக்கு ஸ்ரீகாந்த் மொழிபெயர்த்தான். பல் மருத்துவர் முதல் கையெழுத்து. தொழிற்சாலையில் ஒரு கையெழுத்துக்கு மூன்று நாள் பேசியிருக்கிறேன். இங்கே காலணி மாட்டிக்கொண்டே போட்டார்கள், சிலர் பக்கத்தில் பூப்படமும் வரைந்தார்கள். ஒருவர் அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். யாதம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரும் அவளுக்குப் படித்துக் காட்டவும் இல்லை, நான் உட்பட. நிவேதிதா மனுவை இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கியது என்றே சொல்ல வேண்டும். என் போராட்ட வாழ்க்கையில் நிர்வாகம் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. “ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க அங்கிள், உடனே பண்ணிடலாமுங்க. காண்ட்ராக்டருக்கும் ஒரு காப்பி அனுப்பிட்டேன், அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்” என்றாள்.

முறையான மறுப்பு

நாற்காலி வந்தது. சாம்பல் நிறம், மெத்தை வைத்தது, கைப்பிடி உள்ளது. சுவரோரம் வேண்டாம் என்று என் மேசைக்குப் பின்னால் போட்டார்கள், அங்கே யார் உட்கார்ந்தாலும் அழைப்பு இல்லை என்று நிவேதிதா எல்லோருக்கும் விளக்கினாள். யாதம்மா முதலில் விளிம்பில் உட்கார்ந்தாள். இரண்டு கட்டு முடிந்த பிறகு சாய்ந்தாள். நான் அந்தப் பாட்டைப் போட்டேன். முதல் அடி விழுந்தது, ஜோடிகள் சிலையானார்கள், அமைதி. அவள் கைப்பிடியில் விரலால் ஒரு தட்டு. அதே கணம் பியானோவில் ‘டிங்’.

ஸ்ரீகாந்துக்கு விளையாட்டுப் புத்தி. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து நிமிர்ந்து நின்று, அவள் கண்ணைப் பார்த்து, முறை பிசகாமல் தலையசைத்தான். எல்லோரும் பார்த்தார்கள். யாதம்மா அவசரப்படவில்லை. இத்தனை மாதம் நின்று பார்த்தவளுக்கு எல்லா முறையும் தெரியும். முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள், முகத்தை மெதுவாக ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கூடம் சிரித்தது, இந்தத் தடவை அவளும் சிரித்தாள். நான் எழுந்து நின்று கை தட்டினேன், மற்றவர்களும் தட்டினார்கள். ஸ்ரீகாந்த் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வந்தான். “என்னை வேணாம்னு சொன்னவங்க இந்த ஹால்ல நிறைய பேர் அங்கிள். ஆனா இவ்வளவு கரெக்டா யாரும் சொன்னதில்ல.”

முடியாத பாட்டு

அடுத்த சனிக்கிழமை யாதம்மா வரவில்லை. அவளுக்குப் பதில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி நின்றாள், பெயர் லக்ஷ்மி. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். வழக்கமான சுழற்சிதான் என்றார். எங்கள் தொழிற்சாலையில் இதை நிர்வாகக் காரணம் என்பார்கள். நிவேதிதா என் முன்னாலேயே அவரை அழைத்து, அதே ஆள்தான் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் பணிவாக, மனுவில் பெயர் வந்துவிட்ட ஆளை அதே இடத்தில் வைத்தால் மற்ற இடங்களிலும் ஆரம்பித்துவிடுவார்கள் என்றாராம். அவள் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொன்னாள்.

கச்சிபௌலியில் ஒரு அலுவலகக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் யாதம்மா இருக்கிறாள் என்று கேட்டுப் பிடித்துப் போனேன். அவள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டிய இடம். வாசலில் என் பையைச் சோதித்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். யாதம்மா என்றேன். எந்தக் கம்பெனி என்றார்கள். லிஃப்ட் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஈரத்துணி. பொத்தான்களில் படியும் விரல் ரேகையைத் துடைப்பதுதான் வேலை. துடைத்து முடிப்பதற்குள் இன்னொரு விரல் வந்துவிடுகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பளிங்குத் தரை, உட்கார ஒரு சாமான் இல்லை. எந்த நிர்வாகத்திடமும் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுக்காதவன் நான். அவளிடம் கேட்டேன். பெயரை எழுதினது என் தப்பு என்றேன். அவள் திட்டவில்லை. ஆம்ப்ளிஃபயர் இன்னும் கீழேதான் கிடக்கிறதா என்று விசாரித்தாள். கூரையிலிருந்து மெல்லிய இசை ஒன்று வழிந்துகொண்டே இருந்தது. அதில் தொடக்கமும் இல்லை, நிறுத்தமும் இல்லை. நான் அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்தவள் சொன்னாள்: “இங்கே பாட்டு முடியவே முடியாது அன்னா. எங்கே தட்டுறது?”

நிற்பவள்

போன வாரம் லக்ஷ்மி துடைத்த தண்ணீர் மேசைக்கு அடியில் ஓடி ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுவிட்டது. பெட்டியைத் தூக்கித் துடைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு கட்டு முழுக்கக் கரகரப்பு. ஆடியவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பயந்துபோய் நின்றாள். பரவாயில்லை, வந்து உட்கார் அம்மா, இந்த நாற்காலி உனக்குத்தான் என்று தெலுங்கில் சொன்னேன். மறுபடி சொன்னேன். நிவேதிதாவும் வந்து சொன்னாள். அவள் நாற்காலியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், சுவரோடு ஒட்டிக்கொண்டாள். “வேண்டாம் சார், நின்னுக்கறேன். இதுல உட்கார்ந்த அம்மாவைத்தான் மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க” என்றாள்.

நாற்பது ஆண்டுகளில் கோரிக்கை முழுமையாக ஏற்கப்பட்ட என் ஒரே போராட்டம் இதுதான் என்பதால், மெத்தை வைத்த அந்தச் சாம்பல் நிற நாற்காலியில் இப்போது என் ஆம்ப்ளிஃபயர் நனையாமல் உட்கார்ந்திருக்கிறது.